உங்களுக்குத் தெரியுமா? மியூஸ்லியில் முதலிடம் ஆப்பிளுக்குத்தான்!

மியூஸ்லி என்றதும் ஓட்ஸ் நிரம்பிய பாக்கெட்டும் அதில் அங்கங்கே தலைகாட்டும் உலர் திராட்சையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் சுவிட்சர்லாந்தில் அது பிறந்தபோது, ஓர் ஆளுக்கான கிண்ணத்தில் ஓட்ஸ் இருந்தது ஒரே ஒரு மேசைக்கரண்டி. கிண்ணத்தை நிறைத்தது ஆப்பிள்!

●

அந்த முதல் செய்முறை இதுதான். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். காலையில் அரை எலுமிச்சைச் சாறும் ஒரு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்துக் கலக்க வேண்டும். பெரிய ஆப்பிள் ஒன்றைத் தோலோடும் நடுப்பகுதியோடும் அதன் மேலேயே துருவ வேண்டும் (விதைகளை மட்டும் நான் எடுத்துவிடுவேன்). கடைசியாக, பொடித்த ஹேசல்நட் அல்லது பாதாம் ஒரு மேசைக்கரண்டி தூவினால் ஆயிற்று. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். இன்றைக்கும் இதைவிட நல்ல மியூஸ்லியை நான் சாப்பிட்டதில்லை.

●

இதை உருவாக்கியவர் சமையல்காரர் அல்ல, மருத்துவர். பெயர் மாக்ஸிமிலியன் பிர்ஹர்-பென்னர். 1867இல் ஆராவ் நகரில் பிறந்தவர். பெயரின் பின்பாதியான ‘பென்னர்’ அவருடைய மனைவி எலிசபெத்தின் பிறந்த வீட்டுப் பெயர். கணவன் பெயரோடு மனைவியின் குடும்பப் பெயரையும் இணைத்துக்கொள்வது சுவிஸ் வழக்கம்.

●

பிர்ஹர்-பென்னர் ஆல்ப்ஸ் மலையில் நடந்தபோது, இடையர்கள் உண்ட எளிய உணவைச் சுவைத்தார் என்றும், அதிலிருந்தே 1900ஐ ஒட்டி மியூஸ்லி உருவானது என்றும் சொல்வார்கள். 1904இல் சூரிச் நகரை ஒட்டிய மலைச்சரிவில் அவர் ‘உயிர்ச்சக்தி’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சிகிச்சை இல்லம் திறந்தார். அங்கே மது, காப்பி, புகையிலை எதுவும் கிடையாது. அதிகாலையில் நடை, இரவில் சீக்கிரமே படுக்கை. ஒவ்வொரு வேளையும் சமைக்காத உணவில்தான் தொடங்கும். நம்முடைய கிண்ணத்துக்கு அங்கே ‘ஆப்பிள் பத்திய உணவு’ என்று பெயர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மான் 1909இல் இங்கே தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்.

காய்கனிகள் சூரிய ஒளியைச் சேமித்து வைத்திருக்கின்றன, சமைத்தால் அந்த ஆற்றல் போய்விடும் என்பது பிர்ஹர்-பென்னரின் கொள்கை. சக மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை; அறிவியலும் அதை உறுதி செய்யவில்லை. ஆனால் ‘வைட்டமின்’ என்ற சொல்லே 1912இல்தான் வந்தது. அதற்கு முன்பே பழத்தையும் பருப்பையும் முழுத் தானியத்தையும் நோயாளியின் தட்டுக்குக் கொண்டுவந்த அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

●

ஜெர்மன் மொழியில் ‘மூஸ்’ என்றால் மசியல். அதன் செல்லப் பெயரே மியூஸ்லி, அதாவது குட்டி மசியல். சுவிஸ்காரர்கள் நடுவே ஓர் ‘எ’ ஒலியைச் சேர்த்து ‘மூயஸ்லி’ என்பார்கள். அதை விட்டுவிட்டால் அவர்கள் காதில் ‘சுண்டெலி’ என்று விழும்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ‘சஃபேத் முஸ்லி’ ஒரு மூலிகைக் கிழங்கு. பெயர் ஒத்திருந்தாலும் மியூஸ்லிக்கும் அதற்கும் உறவில்லை.

●

கண்டென்ஸ்டு மில்க் ஏன்? வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். பச்சைப் பால் வழியே காசநோயும் பரவியது. டப்பாப் பாலில் அந்தப் பயம் இல்லை. இன்று அந்தக் கட்டாயம் நமக்கில்லை. புளிக்காத கெட்டித் தயிர் போதும், இனிப்பும் குறையும்.

●

எலுமிச்சை வெறும் சுவைக்காக அல்ல. ஆப்பிளைத் துருவியதும் அதன் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து துருவலைப் பழுப்பாக்கும். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை அடக்குகிறது. வைட்டமின் சி நிறம் மாறாமல் காக்கிறது. அதனால் சாற்றை முதலில் ஊற்றிவிட்டு, துருவத் துருவக் கிளறிக்கொண்டே இருங்கள். சாப்பிட உட்காரும்போது துருவினால் போதும்.

●

வேகவைக்காத ஓட்ஸ் வயிற்றுக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் வாங்கும் தட்டை ஓட்ஸ் ஏற்கெனவே ஆவியில் பதப்படுத்தி, உருளையில் நசுக்கப்பட்டது. ஓட்ஸில் கோதுமையைவிடக் கொழுப்பு அதிகம். அதைச் சிக்கடிக்கச் செய்யும் நொதியும் கூடவே இருக்கிறது. சூடு காட்டினால்தான் அந்த நொதி செயலிழக்கும். எனவே பயமில்லாமல் ஊறவைத்தே சாப்பிடலாம். உடைத்த ஓட்ஸ் வாங்காதீர்கள், கடிக்கக் கடினம். ‘இன்ஸ்டன்ட்’ வகை பசைபோல ஆகிவிடும்.

ஊறும்போது வரும் வழவழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். சுமார் 75 கிராம் ஓட்ஸில் அது கிடைக்கும்.

●

தினமும் அளந்துகொண்டிருக்க நேரமில்லையா? உலர் கலவையாகச் செய்து வையுங்கள். அரைக் கிலோ தட்டை ஓட்ஸுக்கு 100 கிராம் பாதாமும் முந்திரியும், 50 கிராம் பூசணி அல்லது சூரியகாந்தி விதை, 100 கிராம் உலர் திராட்சை. பருப்பையும் விதையையும் வெறும் வாணலியில் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட வேண்டும். இந்த ஆறவிடுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் ஈரம் கோத்து ஓட்ஸ் நமத்துப்போகும். திராட்சையிலும் ஈரம் உண்டு. அதைத் தனி டப்பாவில் வைத்துக் கிண்ணத்தில் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். இரவில் ஊறவைக்கும் பாத்திரத்தை, நம் ஊர் வெக்கைக்கு, ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது.

பாக்கெட் வாங்குவதானால் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் அதிகமுள்ள பொருள் முதலில் இருக்கும். சர்க்கரை மூன்றாவது பெயராக வந்தால் நான் திரும்ப வைத்துவிடுவேன்.

●

கிரனோலா வேறு, மியூஸ்லி வேறு. கிரனோலாவைத் தேனோ சர்க்கரையோ எண்ணெயோ சேர்த்து மொறுமொறுப்பாகச் சுடுவார்கள். அதன் முன்னோடியான ‘கிரானுலா’வை அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் 1863இல் செய்தார். அவரும் மருத்துவர்தான்! அது அவ்வளவு கெட்டி; முதல்நாள் இரவே ஊறப்போட்டால்தான் மறுநாள் மெல்ல முடியும்.

●

மியூஸ்லி காலை உணவு என்பது நாம் வைத்துக்கொண்ட கணக்கு. சுவிஸ் வீடுகளில் அது இரவுச் சாப்பாடாகவும் மேசைக்கு வரும், பக்கத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டியும் பால் கலந்த காப்பியுமாக.