கடல் ஏறும் நேரத்தில் வாருங்கள்

டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வரும் உறவினர்களை எங்கெங்கே அழைத்துப் போவது என்பது நமக்கு மனப்பாடம். செந்தோசா, விலங்குத் தோட்டம், சிராங்கூன் சாலை. ஆனால் அவர்களுக்கு முன்பாகவே, செப்டம்பர் மாதத்திலேயே, கடப்பிதழ் இல்லாமல் வந்து இறங்கிவிடும் விருந்தாளிகள் சிலர் உண்டு. தீவின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய சுங்கை பூலோவில் அவர்கள் தங்கியிருக்கிறார்கள். மலாய் மொழியில் மூங்கிலாறு என்று பொருள். என் கண்ணில் பட்டதென்னவோ பெரும்பாலும் பாக்காவ் மரங்கள்தாம்.

முதல் முறை நான் ஏமாந்துதான் திரும்பினேன். பசியாறிவிட்டு நிதானமாகப் போனால், குட்டையில் ஒரு கொக்கு, கரையில் ஓர் உடும்பு. அவ்வளவுதான். பார்வைக் குடிலில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கடல் ஏறும் நேரத்தில் வாருங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். கடல் வற்றும்போது வெளியே சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும். புழுவும் நண்டும் தேடிப் பறவைகள் அங்கே போய்விடும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் நிற்க இடமில்லாமல் குட்டைகளுக்கு வரும். அங்கே மதகுகளைக் கொண்டு தண்ணீரைத் தாழ்வாக வைத்திருப்பார்கள்.

மதகு வைத்துத் தண்ணீர் கட்டுவது இங்கே பழைய தொழில். முன்பு இவை இறால் குட்டைகள். கடல் ஏறும்போது மதகைத் திறந்து இறால் குஞ்சுகளை உள்ளே விடுவார்கள். பிறகு கடல் வற்றும் நேரம் பார்த்துத் தண்ணீரை வடித்து, வலை கட்டி இறாலைப் பிடிப்பார்கள். வடிந்த சேற்றில் பறவைகளுக்கும் விருந்து. 1986இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் இந்த விருந்தைக் கண்டார்கள். அப்போது அந்த நிலம் விவசாயத் தொழில்நுட்பப் பூங்காவுக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. பறவைகளுக்காக அதை விட்டுவிடும்படி அவர்கள் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டார்கள். ஒரு சாண் நிலத்துக்கும் கணக்குப் பார்க்கும் நாடு. கேட்டவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை இருந்ததோ! ஆனால் 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2002இல் 130 ஹெக்டராக விரிந்து, சட்டப் பாதுகாப்பும் பெற்றது.

இரண்டாம் முறை பெரியவர் சொன்னபடி போனேன். தண்ணீர் ஏற ஏற, நீரிணைப் பக்கமிருந்து கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. வளைந்த நீண்ட அலகோடு விம்பரல்கள். பொன்னைத் தூவியது போன்ற முதுகோடு உப்புக்கொத்திகள். சிவந்த காலில் நின்றபடியே தூங்கும் பவளக்காலி உள்ளான்கள்.

இந்தப் பவளக்காலியின் எடை 100 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். இங்கிருந்த சிலவற்றின் மீது சிறு கருவிகளைப் பொருத்தி அனுப்பினார்கள். அவை இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போய்க் குஞ்சு பொரித்தது தெரியவந்தது. 2020இல் வெளியான ஆய்வு இது.

வேறு பல பறவைகளுக்குச் சீன, கொரியக் கரைகளை ஒட்டிய மஞ்சள் கடல்தான் வழிச் சத்திரம். அந்தச் சத்திரத்தின் சேற்று வெளியில் பாதிக்கு மேல் அரை நூற்றாண்டில் தூர்க்கப்பட்டும் சுருங்கியும் போனது. சீனக் கரையில் மிச்சமிருந்ததில் ஒரு பகுதியை யுனெஸ்கோ 2019இல் உலக மரபிடமாக அறிவித்தது. வழியில் இரை தின்று கொழுக்காத பறவை ஊர் போய்ச் சேராது. அதனால்தான் இந்தக் குட்டைகளில் தண்ணீர் ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய சங்கதி.

போக நினைப்பவர்கள் முதலில் கடல் ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை பருவம். கட்டணம் கிடையாது. குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆற்றில் முதலை உண்டு, இது பயமுறுத்தச் சொல்வதல்ல. பார்வைக் குடிலில் பேச்சைக் குறையுங்கள், நொறுக்குத் தீனிப் பையின் சரசரப்பையும்தான்.

மார்ச் மாதம் போனால் இன்னொரு காட்சி. உப்புக்கொத்திகளின் வெளிறிய வயிற்றில் அங்கங்கே கறுப்பு இறகுகள் முளைத்திருக்கும். ஊருக்குப் புறப்பட உடை மாற்றுகின்றன. அடுத்த வாரம் அதே குடிலில் போய் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், சில குறைந்திருக்கும்.