புளி தாங்குமா சமையல் மேடை?

"ஏனுங்க, வெள்ளைக் கல்லு போட்டா மஞ்சக்கறை புடிச்சுக்குமுங்களா?" கோவையில் புது வீட்டுச் சமையலறைக்குக் கல் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கடைக்காரர் காட்டுவது நிறமும் பளபளப்பும். மேடை மேல் தினமும் விழப்போவதோ பச்சைப்புளி ரசம், ஈரோட்டு மஞ்சள், காய்ந்த எண்ணெய், போர்வெல் உப்புத் தண்ணி. கல்லை இந்த நான்கையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கடப்பாவும் கிரானைட்டும்

பழைய வீடுகளில் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் கடப்பாக் கல்தான். பாலிஷ் போட்டுவிட்டால் கருப்பு கிரானைட் மாதிரியே இருக்கும். ஆனால் கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். அதாவது கால்சியம் கார்பனேட். புளியின் டார்டாரிக் அமிலமோ எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ பட்டால் கார்பனேட் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிஞ்சுவது வெளிறிய ஒரு தடம். அது கறை இல்லை, கல்லே கரைந்த இடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது; மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். மார்பிளுக்கும் இதே கதிதான்.

கிரானைட் சிலிக்கேட் தாதுக்களால் ஆனது. சமையலறை அமிலங்கள் அதை அசைப்பதில்லை. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அந்தத் தாதுக்கள் பெரும்பாலும் 6 அல்லது அதற்கு மேல். சமையல் கத்தி 5.5 அளவில் நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரின் குழவி ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல் என்பதற்கும் காரணம் இந்த உறுதிதான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுமாரான கல்லுக்குக் கருப்புச் சாயம் ஏற்றி விற்பதுண்டு. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மஞ்சள் செய்யும் வேலை

மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் தாளித்த எண்ணெயோடு சேர்ந்து கல்லின் நுண்துளைகளில் இறங்கிவிடுகிறது. கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் நல்லது. சில நிமிடங்களில் அந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் பூச வேண்டும்.

இப்போது பலரும் கேட்கும் 'குவார்ட்ஸ்' மேடை மலையில் வெட்டியெடுத்த பாளம் இல்லை. சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் தூளைப் பாலியஸ்டர் ரெசினில் பிணைத்துத் தொழிற்சாலையில் அழுத்திச் செய்வது. நுண்துளை கிடையாது என்றாலும், வெள்ளை நிறத்தில் ரெசின் மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ரெசின் பழுக்கத் தொடங்கும். வடை சுட்ட எண்ணெய்ச் சட்டியின் சூடு அதைவிட அதிகம். அடியில் பிரிமனை இல்லாமல் இறக்கக் கூடாது.

கறையில் சோப்பு போட்டதும் சிவந்தால் பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்கிறதே, அதே காரத்தின் வேலைதான் இது. குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். ஜன்னல் வெயில் விழும் மேடையில் மஞ்சள் தானாகவே மங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதி

சிறுவாணித் தண்ணீர் மென்னீர். போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். குழாயடியில் வெள்ளைப் படிவு கட்டும். கிரானைட்டில் அதை வினிகர் தொட்டுத் துடைக்கலாம். கடப்பாவில் வினிகரே வினை.

தொட்டிக்கு 304 ரக ஸ்டீல் கேளுங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். உப்புத் தண்ணியில் துரு சீக்கிரம் புள்ளி வைக்கும். இரண்டிலுமே பெரும்பாலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனையை நம்ப முடியாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே வழி.

தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் போடலாம். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான தேர்வு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஈரம் ஏறினால் உப்பிவிடும். மேலே ஒட்டிய லேமினேட் எவ்வளவு மின்னினாலும் பயனில்லை.

தூசிக்கும் ஒரு விலை

குவார்ட்ஸ் பலகையை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது. கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு. உங்கள் வாசலில் கல் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள். மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள். மேடைச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கடையில் ஒரு துண்டுக் கல் கேட்டு வாங்குங்கள். ஒரு மூலையில் புளிக்கரைசல், மறு மூலையில் மஞ்சள் குழைத்த எண்ணெய் வைத்து, இரவு முழுக்க விட்டு, காலையில் கழுவிப் பாருங்கள். துண்டு தர மறுக்கும் கடையில் அந்தக் கல்லை வாங்க வேண்டியதில்லை.