சேர்வராயன் மலையில் முதுமை: காலடி கவனம், குளிரில் காப்பு

விபத்தால் நேரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான். ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இப்படி இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். சமவெளியிலேயே இப்படி என்றால், வீட்டு வாசலே சரிவில் இருக்கும் ஏற்காட்டில் முதியவர்களின் காலடிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. இங்கே காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களும் மலைக் கிராமங்களில் சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளி பழங்குடியினரும் வாழ்நாள் முழுதும் ஏறி இறங்கியவர்கள். அந்த நடைதான் அவர்களுடைய தசைக்கும் எலும்புக்கும் உரம். வயதாகிவிட்டது என்று வீட்டார் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது அன்பினால்தான்; ஆனால் அது தவறு. சில வாரங்கள் நடக்காமல் இருந்தாலே தொடைத் தசை தளரும், நிலை தடுமாறும். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை, அதோடு மூன்று நாளாவது உடலைச் சமநிலைப்படுத்தும் பயிற்சி என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கான பரிந்துரை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பதும் அப்படியொரு பயிற்சிதான்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். முழங்காலை வருத்துவது இறக்கம்தான். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கமே ஊன்றுகிறார்கள். அதனால் பயன் குறைவு. தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரக் கல்லில் கால் வைக்கவே கூடாது. விடியற்காலைப் பனிமூட்டத்தில் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவதும் வேண்டாம். பாதையும் தெரியாது, எதிரே நிற்கும் காட்டெருமையும் தெரியாது. வெயில் வந்தபின் நடந்தால் வைட்டமின் டி-யும் கிடைக்கும்.

மழைக்காலத்தில் வாசற்படியிலும் குளியலறையிலும் பாசி பிடிக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே அதைத் தேய்த்துக் கழுவி, படியோரம் ஒரு கைப்பிடியும் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கும் பொருத்திவிட்டால் பாதி ஆபத்து நீங்கும். இரவில் எழுபவர்கள் படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். காப்பி விளையும் ஊரில் காப்பியை விடச் சொல்ல முடியாது. ஆனால் மாலைக் காப்பி தூக்கத்தைக் கெடுத்து, இரவில் பலமுறை எழவும் வைக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று போதும். கேழ்வரகை மட்டும் விட்டுவிடக் கூடாது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது.

மார்கழி, தை மாதக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். முதியவர்களுக்குக் குளிர் உறைப்பதும் குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. அதனால் கம்பளி, காலுறை, குல்லாய் ஆகியவற்றை நடுங்கும்வரை காத்திராமல் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிப்பதற்கும் நேரம் வைத்துக்கொள்வது நல்லது. கரி போட்ட குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது உயிருக்கே உலை வைக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். ஆண்டுக்கொரு முறை இன்ஃபுளுயன்சா தடுப்பூசி, மருத்துவர் சொன்னால் நிமோனியா தடுப்பூசி ஆகியவை குளிர்காலத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டியவை.

மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நிறுத்திவிடுவது மலைக் கிராமங்களில் பெரிய ஆபத்து. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. பெயர் பதியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியலாம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். முதியோருக்கான மற்ற உதவிகளுக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, பெரியவர்களின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.