உஷார்! குழந்தை கையில் ஜெல்லி உருண்டையா?

பாக்கெட்டில் கடுகு அளவுதான் இருக்கும். தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோலிக்குண்டு அளவுக்கு உப்பி, கலர் கலராக வழுக்கிக்கொண்டு உருளும். பூ ஜாடி அலங்காரத்துக்கு வந்த இந்த ஜெல்லி உருண்டைகளைத்தான் இப்போது ‘விரல் பயிற்சி விளையாட்டு’ என்று பேசின் நிறையக் கொட்டிக் குழந்தை முன்னால் வைக்கிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? இன்றைக்கே கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொடிப் பொருளைப் பொறுக்கும் திறமை ஒன்பது, பத்து மாத வாக்கில் வருகிறது. பொறுக்கியது அடுத்த நொடி எங்கே போகும்? வாய்க்குத்தான். உலர்ந்த உருண்டையை விழுங்கினால், அது குடலுக்குள் இருக்கும் நீரைக் குடித்து உப்பும், சிறுகுடலை அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் தெரியாது. அறுவை சிகிச்சை வரை போன குழந்தைகள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2023 ஜூலையில் பத்து மாதக் குழந்தை ஒன்று இறந்தே போனது. குழந்தைகளுக்கான ஆக்டிவிட்டி கிட் என்றே விற்ற பொருள் அது! செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே குழந்தைகளுக்கென்று இவற்றை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன.

“பெரியவன்தானே விளையாடுகிறான்” என்று இருந்துவிடாதீர்கள். கை தவறிய ஓர் உருண்டை துள்ளிப் போய்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அங்கேயே காய்ந்து மறுபடி கடுகாகிவிடும். பெருக்கும்போது உங்கள் கண்ணில் படாதது, தவழ்கிற குழந்தையின் கண்ணில் படும்.

“நாங்கள் புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடி வளரவில்லையா?” என்று பாட்டிகள் கேட்பார்கள். ஆடியது விவரம் தெரிந்த பிள்ளைகள், பாட்டி! மூன்று வயதுக்குள் புளியங்கொட்டையும் வேண்டாம், வேர்க்கடலையும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை என்றால், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிவிடும் சின்னத் துண்டு அதில் இருக்கக் கூடாது. ஆனால் செடிக்கு, ஜாடிக்கு என்று விற்கும் பாக்கெட்டில் அந்த முத்திரையைத் தேடி என்ன பயன்?

விரலுக்கு வேலை கொடுக்க வீட்டில் பொருளா இல்லை? இட்லித் தட்டைக் கீழே வைத்து, குழிக்கு ஒன்றாகப் பெரிய எலுமிச்சம்பழத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவைப் பிசையட்டும், பழைய பேப்பரைக் கிழிக்கட்டும், பெரிய டப்பா மூடியைத் திருகட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

குழந்தை விடாமல் வாந்தி எடுக்கிறது, வயிறு உப்புகிறது, பால் குடிக்க மறுக்கிறது என்றால், விழுங்கியதை நீங்கள் பார்க்காவிட்டாலும், வீட்டில் ஜெல்லி உருண்டை இருந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பாக்கெட் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். காதில் போட்டுக்கொண்டிருந்தால் சொட்டு மருந்தோ எண்ணெயோ விடாதீர்கள். ஈரம் பட்டால் உள்ளேயே இன்னும் பெருக்கும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, விளக்கெண்ணெய் கொடுப்பது எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே 108.