உங்களுக்குத் தெரியுமா? குளிசை எடுக்கும்போதே சிவக்கும் படை

தொழுநோய் ஒழிப்பு இலக்கை இலங்கை 1995இலேயே எட்டிவிட்டது. ஆனாலும் புதிய நோயாளர் இன்னும் வருகிறார்கள். அவர்கள் தொழுநோய்க் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பழைய படை திடீரெனச் சிவந்து வீங்கலாம். முழங்கையின் உட்பக்க நரம்பு தடித்து, தொட்டாலே நோகும், சின்னவிரல் விறைக்கும். வன்னியில் வயல் செய்கிறவருக்கு மண்வெட்டிப் பிடி கையில் நிற்காது. உடனே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவோர் உண்டு. அது பெரும்பாலும் பிழை. செத்த கிருமிகளின் எச்சத்தோடு உடலின் எதிர்ப்புச்சக்தி மல்லுக்கட்டுகிறது. நடுவில் அகப்படுவது நரம்பு.

தொழுநோய்க் குளிசையை நீங்களாக விடாமல், கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட்டை மாதக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்புண்டு. பிரெட்னிசொலோனுக்கு முன் பூச்சிக்குளிசை தந்தால் வியக்கவேண்டாம்: சேற்றில் வெறுங்காலால் ஏறி, குடலில் ஒளிந்திருக்கும் ஒருவகை நூற்புழு ஸ்டீரொய்ட் பட்டதும் பெருகி உயிருக்கே உலைவைக்கும்.

காய்ச்சலோடு உடம்பெங்கும் நோகும் சிவப்புக் கட்டிகள் எழுவது இத்தகைய எதிர்விளைவின் இன்னொரு வகை. சிகிச்சை முடிந்து சில வருடங்கள் கழித்தும் அது வரலாம். கண் சிவந்து நொந்தால் அன்றைக்கே காட்டவேண்டும்.