அளவறிந்தால் மருந்து

வயிற்றுக் கோளாறுக்குக் கனி மருந்து என்றதும் நெல்லியும் கடுக்காயும் வில்வமும் நம் நினைவுக்கு வருகின்றன. வைப்பாறு கடலில் கலக்கும் கீழவைப்பாரையும் விளாத்திகுளத்தையும் உள்ளடக்கிய தூத்துக்குடி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளையும் ஒரு மருந்துக் கனியை மட்டும் மறந்துவிடுகிறோம். நிலவாகை எனப்படும் செடியின் தட்டையான காய் அது. உழவர்கள் இதனை அவுரி என்பார்கள். நீலச் சாயம் தரும் அவுரி வேறு. தாவரவியல் கணக்கில் நெற்றும் கனியே.

அரபு மொழியின் 'சனா'தான் ஆங்கிலத்தில் 'சென்னா' ஆயிற்று. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமான பின்னரும், உலகச் சந்தையில் இதன் பெயர் 'தின்னெவேலி சென்னா'தான். இதன் இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறுகின்றன. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் சென்னாவுக்கு இடமுண்டு.

இதிலுள்ள சென்னோசைடு என்ற வேதிப்பொருள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதனை மாற்றியமைத்த பின்னரே அது குடலின் அசைவைத் தூண்டி மலச்சிக்கலை நீக்குகிறது. இதற்கு ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் ஆகும்; இரவில் உண்டால் காலையில் பலன் தெரிவது அதனால்தான். வயிறு கடுக்காமலிருக்கச் சுக்கோ சோம்போ சேர்ப்பது பழைய வழக்கம்.

மருந்து நிறுவனங்கள் சென்னோசைடை மில்லிகிராமில் அளந்து மாத்திரையாக்குகின்றன. நாமோ, 'இயற்கைப் பொருள்தானே' என்று அளவின்றி உட்கொள்கிறோம். உடல் இளைக்க என்று விற்கப்படும் தேநீர்ப் பொட்டலங்கள் சிலவற்றிலும் இது கலந்திருக்கிறது. நெடுநாள் உட்கொண்டால் உடலின் நீரும் பொட்டாசியமும் குறையும். காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்களும் குடலடைப்பு உள்ளவர்களும் இதனைத் தொடவே கூடாது. மற்றவர்களும் மருத்துவர் ஆலோசனையின்றி ஒரு வாரத்துக்கு மேல் தொடரலாகாது.

அளவின்மை சந்தையிலும் உண்டு. வாங்கும் நிறுவனத்துக்கு வேண்டியது சென்னோசைடு. விற்கும் உழவருக்குக் கிடைப்பதோ எடைக்கும் நிறத்துக்குமான விலை. அறுவடை நேரத்தில் மழை பெய்து இலை கறுத்தால் அதுவும் இல்லை. பாலுக்குக் கொழுப்புச் சத்தை அளந்து விலை தருகிறோம். அதுபோல, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சென்னோசைடைப் பரிசோதித்து விலை நிர்ணயிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். தன் காயில் என்ன இருக்கிறது என்று அறிந்த உழவரே அதற்குரிய விலையைக் கேட்க முடியும்.