ஆயிரம் பெண்களும் என் அம்மாவும்

மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. மேமோகிராம் எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 56 வயது அம்மா அதை நாலாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

“ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வானொலியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மறுபடி கூப்பிட்டால் என்ன பொருள் என்று சொன்னதே இல்லை. எனக்கே தெரியாது!

இரவெல்லாம் தேடியதில் ஒரு கணக்கு சிக்கியது. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மகளிர் மருத்துவர்கள் 160 பேரிடம் கேட்டது. நூறு பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். நோய் இருந்தால் 90 விழுக்காடு பரிசோதனை காட்டிவிடும். நோய் இல்லாதவர்களிலும் 9 விழுக்காட்டினருக்குத் தவறாக ‘இருக்கலாம்’ என்று வரும். அப்படி வந்த பெண்ணுக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? சரியாகச் சொன்னவர்கள் 21 விழுக்காட்டினர்தான். நானும் 90 என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அக்கா மகன் வந்தான். உயர்நிலை நான்கு. “சித்தி, இது ட்ரீ டயகிராம்” என்று கிளை பிரித்து 0.01, 0.99 என எழுதிப் பெருக்கினான். 0.009 வந்தது. எட்டிப் பார்த்த அம்மா, “இதுல நான் எங்கடா இருக்கேன்?” என்றார்.

தாளைத் திருப்பினான். “ஆயிரம் பாட்டிங்க வரிசையில நிக்கறாங்க.” இரண்டு கிளை: 10 பேருக்கு நோய், 990 பேருக்கு இல்லை. அந்தப் பத்தில் 9 பேரைப் பரிசோதனை பிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். 990இல் 89 பேரை வீணாகப் பயமுறுத்தும், 901 பேரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும். ஆக, கடிதம் வாங்குபவர்கள் 98 பேர். அவர்களில் நோய் உள்ளவர்கள் 9 பேர். பதினொருவருக்கு ஒருவர்!

பின்னம், தசமம் எதுவும் வேண்டாம். தலைகளை எண்ணினால் போதும். இந்த முறையைக் கற்ற பிறகு அந்த மருத்துவர்களிலேயே 87 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்களாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அறிகுறி எதுவும் இல்லாமல் வழக்கமாகப் பரிசோதிப்பவர்களுக்கான, முழு எண்ணாக்கிய எடுத்துக்காட்டு. அடிமரத்து எண் மாறினால் எல்லாக் கிளையும் மாறும். கட்டி தட்டுப்பட்டு வரும் ஆயிரம் பேரில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். பரிசோதனை 90 பேரைப் பிடிக்கும், 81 பேரை வீணாகப் பயமுறுத்தும். இப்போது 171இல் 90, பாதிக்கும் மேல்.

அம்மா தாளை வெகுநேரம் பார்த்தார். “அந்த ஒன்பதுல நான் ஒருத்தியா இருந்தா?”

பையன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். “அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் பாட்டி, மறுபடி கூப்பிடறாங்க” என்றான் கடைசியில்.

“தவறவிட்ட அந்த ஒருத்தி? பாவம், அவளுக்குக் கடிதமே வராதே.” எங்கள் இருவருக்கும் தோன்றாத கேள்வி. வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால், முந்தைய முடிவு நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் போகவேண்டும் என்றேன். நிகழ்ச்சியிலும் இப்போது அதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கூடவே போனேன். மறுபடி படம், அப்புறம் அல்ட்ராசவுண்ட். வெறும் நீர்க்கட்டி என்றார் மருத்துவர்.

ஒலிபரப்புக்காக அந்தத் தாளைக் கேட்டேன். அம்மாவிடம் இல்லை. கீழ்வீட்டு அக்காவுக்கும் கடிதம் வந்திருக்கிறதாம்; அவரிடம் கொடுத்துவிட்டார்.